ஏழாம் அத்தியாயம்: பல்கலைக்கழக ஊழியர் தேர்தலில் நிற்கலாமா?

2004 மக்களவைத் தேர்தலில் புதுச்சேரித் தொகுதியைப் பாட்டாளி மக்கள் கட்சி வென்றது. வெற்றி பெற்றவர் எம். ராமதாஸ், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர். (கட்சியின் நிறுவனர் மருத்துவர் ராமதாஸ் வேறு, இவர் வேறு.) புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கும் சேர்ந்து ஒரே மக்களவைத் தொகுதி. அதனால் அந்த ஐந்தாண்டும் காரைக்காலுக்கும் அவர்தான் எம்.பி. 2009-இல் மறுபடி நின்று காங்கிரசின் வி. நாராயணசாமியிடம் தோற்றார்.

ஆகவே, பல்கலைக்கழக வேலையில் இருப்பவருக்குத் தேர்தல் வாசல் மூடியே கிடக்கிறது என்று கேன்டீனில் யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஆனால் 'அவர் நின்றார், நானும் நிற்கலாம்' என்று காரைக்கால் அறிஞர் அண்ணா அரசு கலை அறிவியல் கல்லூரியின் உதவிப் பேராசிரியர் ஒருவர் கிளம்பினால் அது விபரீதம். அவருடைய மாணவர் வாங்கும் பட்டத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்லர், புதுச்சேரி அரசின் ஊழியர். இந்த ஒரு வேறுபாட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நியமன ஆணையை எடுத்து வையுங்கள்

காரைக்கால் சின்ன மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் 2,00,222 பேர். ஆனால் உயர்கல்வி நிறுவனங்களுக்குக் குறைவில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் காரைக்கால் வளாகம், திருவேட்டக்குடியில் என்.ஐ.டி., ஜிப்மர் கிளை, பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி, அறிஞர் அண்ணா கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி என்று நீள்கிறது பட்டியல். இங்கே வேலை செய்பவர்கள் ஒரே பேருந்தில் போய், ஒரே கடையில் டீ குடித்தாலும் அவர்களுடைய எஜமானர்கள் வேறு வேறு.

உங்கள் நியமன ஆணையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். யார் பெயரால் நியமித்திருக்கிறார்கள்? எந்த நடத்தை விதிகள் பொருந்தும் என்று எழுதியிருக்கிறது? உங்களை நீக்கும் அதிகாரம் யாருக்கு? ஆணை கிடைக்கவில்லை என்றால் பணிப்பதிவேட்டின் முதல் பக்கங்களைப் பார்க்க எழுதிக் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்க வேண்டாம்.

அரசுக் கல்லூரி ஊழியர் என்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964 பொருந்தும். அதன் 5-ஆம் விதி, சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி எதுவானாலும் தேர்தலில் பங்கேற்கவோ, வாக்குக் கேட்கவோ, செல்வாக்கைப் பயன்படுத்தவோ தடை விதிக்கிறது. ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். யாருக்குப் போட்டோம், யாருக்குப் போடப் போகிறோம் என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. வண்டியிலோ வீட்டிலோ சட்டையிலோ கட்சிச் சின்னம் இருந்தால் அதுவே செல்வாக்கைப் பயன்படுத்தியதாகும் என்று விதியின் விளக்கக் குறிப்பு சொல்கிறது.

மத்தியப் பல்கலைக்கழக ஊழியரின் நிலை வேறு. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தனி அமைப்பு. குடியரசுத் தலைவர் அதன் பார்வையாளர், துணைக் குடியரசுத் தலைவர் வேந்தர், துணைநிலை ஆளுநர் தலைமை ரெக்டர். இவ்வளவு பெரிய பெயர்கள் இருந்தாலும் ஆசிரியர் நியமனம் நிர்வாகக் குழுவின் கையில். அதனால் அங்கே முதல் கேள்வி, பல்கலைக்கழகத்தின் சட்ட விதிகளும் ஆணை விதிகளும் இன்று என்ன சொல்கின்றன என்பதே. பதிவாளருக்கு மனு எழுதி, நடப்பில் உள்ள நடத்தை விதிகளின் நகலை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சமூகப் பணித் துறைப் பேராசிரியர் மனோஜ் ஜா மாநிலங்களவையில் இருக்கிறார் என்பதால் உங்கள் பல்கலைக்கழகமும் அனுமதிக்கும் என்று பொருளில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று விதி வைத்திருக்கிறது. இலங்கையில் திறந்த பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த ஹரிணி அமரசூரிய 2020-இல் தேசியப் பட்டியல் வழியே நாடாளுமன்றம் போய் 2024-இல் பிரதமரானார். அது அந்த நாட்டுச் சட்டம். நமக்கு உதவாது.

ஆதாயம் தரும் பதவி

நடத்தை விதியை மீறினால் வேலைக்கு ஆபத்து. இந்த இரண்டாவது தடையில் மாட்டினால் வேட்புமனுவே போய்விடும்.

மக்களவைக்கு அரசியலமைப்பின் 102-ஆம் பிரிவும், புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் உறுப்பினராக முடியாது. 'அரசின் கீழ்' என்பதில்தான் வழக்குகள் எல்லாம். நியமிப்பது யார், நீக்குவது யார், சம்பளம் எந்தப் பையிலிருந்து வருகிறது, வேலையைக் கட்டுப்படுத்துவது யார் என்று உச்ச நீதிமன்றம் பார்க்கும். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடை போடும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதாது.

இரண்டு ஆசிரியர் வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் அடிப்படைக் கல்வி வாரியத்தின் தொடக்கப் பள்ளி உதவி ஆசிரியர் ஒருவரின் வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளினார். உயர் நீதிமன்றம் தள்ளியது தவறு என்றது. பிகாரிலால் தோப்ரே வழக்கு என்று பெயர் பெற்ற அந்த மேல்முறையீட்டில், 1980-களின் தொடக்கத்தில், உச்ச நீதிமன்றம் தள்ளியது சரியே என்றது. வாரியம் என்று தனிப் பெயர் இருந்தாலும் பிடி முழுக்க அரசிடம் இருக்கிறது என்பது காரணம். அடுத்தது ஆந்திரா. பழங்குடியினர் வளர்ச்சி முகமையின் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் சத்ருசர்ல சந்திரசேகர ராஜு. அவர் பதவி அரசின் கீழ் வரவில்லை என்று 1992-இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகமைக்கு அரசுப் பணம்தான் வந்தது, அரசு அதிகாரிகள்தான் அதை நடத்தினார்கள். ஆனாலும் ஆசிரியரை வைக்கவும் நீக்கவும் அரசு நேரடியாகத் தலையிடவில்லை என்று நீதிமன்றம் கருதியது.

இரண்டு பேரும் ஆசிரியர்கள், இரண்டு பேருக்கும் அரசுப் பணம், முடிவு எதிரெதிர். ஆகவே சொசைட்டியாகப் பதிவான கல்லூரி, தன்னாட்சி நிறுவனம் போன்ற நடுத்தர இடங்களில் இருப்பவர்கள் 'நான் அரசு ஊழியர் இல்லை' என்ற தைரியத்தில் மனுத் தாக்கல் செய்யக் கூடாது. நிறுவனத்தின் துணைவிதிகளோடு ஒரு தேர்தல் வழக்கறிஞரைப் பாருங்கள். சென்னைக்குப் போய் வரும் செலவு, தொகுதி இழப்பை விடக் குறைவு.

நாடாளுமன்றத் தகுதியிழப்புத் தடுப்புச் சட்டம், 1959, பல்கலைக்கழக செனட், சிண்டிகேட், நிர்வாகக் குழு உறுப்பினர் பதவிகளுக்கு விலக்குத் தருகிறது. இதைக் கேள்விப்பட்டுப் பேராசிரியர் பதவிக்கும் விலக்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விலக்கு அந்தக் குழு இருக்கைக்கு மட்டும்தான்.

'லீவு போட்டுட்டு நிக்கறேன்'

எல்லாத் தேர்தலுக்கும் முன்னால் அலுவலகக் கண்காணிப்பாளரின் மேசைக்கு முன் இந்த உரையாடல் நடக்கும்.

"மேடம், ஈ.எல். நிறைய கெடக்கு. ஒரு மாசம் லீவு போட்டுட்டு நின்னு பாக்கறேன். தோத்துட்டா வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."

"சார், சம்பளமே வேண்டாம்னு எழுதிக் குடுத்தாலும் போஸ்ட் உங்க பேர்லதானே இருக்கும்?"

கண்காணிப்பாளர் சொல்வது சட்டம். 2006-இல் ஜெயா பச்சன் மாநிலங்களவை உறுப்பினர் பதவியை இழந்தார். உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சி மன்றத் தலைவர் பதவி அதற்குக் காரணம். அந்தப் பதவியிலிருந்து பணம் வாங்கவில்லை என்று அவர் தரப்பில் வாதாடினார்கள். வாங்கினாரா என்பது கேள்வியில்லை, அந்தப் பதவி வழியே வாங்க முடியுமா என்பதே கேள்வி என்றது உச்ச நீதிமன்றம். சம்பளமில்லா விடுப்புக்கும் இதே தர்க்கம்தான். விடுப்பில் போனால் பதவி உங்களை விட்டுப் போவதில்லை. பல்கலைக்கழக விதியே தேர்தலுக்கு விடுப்புத் தருகிறது, உங்கள் பதவியும் அரசின் கீழ் வரவில்லை என்ற இரண்டும் உறுதியான பிறகுதான் விடுப்பு ஒரு வழி. அரசுக் கல்லூரியில் இருப்பவருக்கு அந்த வழி இல்லவே இல்லை. நின்றால் ராஜினாமா, அல்லது விருப்ப ஓய்வு.

ராஜினாமா: கொடுத்த நாளும் ஏற்ற நாளும்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா, இந்திரா காந்தியின் ரேபரேலி வெற்றியைச் செல்லாது என்றார். காரணங்களில் ஒன்று, அவருக்காகத் தேர்தல் வேலை செய்த யஷ்பால் கபூரின் ராஜினாமா. பிரதமர் செயலகத்தில் அதிகாரியாக இருந்த அவர் 1971 ஜனவரி 13 அன்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். ஏற்றுக்கொண்ட அறிவிப்பு ஜனவரி 25 அன்றுதான் வந்தது, 14-ஆம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருவதாக. நீதிபதி அதை ஏற்கவில்லை, 25 வரை அவர் அரசு ஊழியர்தான் என்றார். பிறகு நாடாளுமன்றம் சட்டத்தையே பின்தேதியிட்டுத் திருத்தியது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. உங்களுக்காக யாரும் சட்டத்தைத் திருத்த மாட்டார்கள். அதனால் அந்தப் பன்னிரண்டு நாளை நினைவில் வையுங்கள்.

மத்தியப் பணி விதிகளின்படி ராஜினாமா கொடுத்தவுடன் செல்லாது. நியமன அதிகாரி ஏற்று, உங்களை விடுவிக்கும்போதுதான் அது முழுமையாகும். தேர்தல் சட்டம் பார்க்கும் நாள் பரிசீலனை நாள். அன்று நீங்கள் தகுதியிழந்தவரா இல்லையா, அவ்வளவுதான்.

2021 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். மார்ச் 12 அறிவிக்கை, 19 மனுத் தாக்கலின் கடைசி நாள், 20 பரிசீலனை, 22 திரும்பப் பெறும் நாள், ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. அறிவிக்கை வந்த நாளிலிருந்து பரிசீலனை வரை எட்டே நாள். கட்சிகள் வேட்பாளர் பட்டியலை வெளியிடுவதும் அந்த நாட்களை ஒட்டித்தான். உங்கள் ராஜினாமாவோ காரைக்காலில் முடியாது. கல்லூரி முதல்வரின் மேசையில் கிளம்பி, 130 கிலோமீட்டருக்கு மேல் பயணித்து, புதுச்சேரியில் உயர்கல்வி இயக்ககத்துக்குப் போகும். கண்காணிப்புப் பிரிவு 'இவர் மீது வழக்கு நிலுவையில்லை' என்று எழுத வேண்டும். கடன், முன்பணம், படிப்பு விடுப்புப் பத்திரம் இருந்தால் கணக்குப் பிரிவு பார்க்க வேண்டும். பிறகு செயலகம், பிறகு நியமன அதிகாரி. சீட்டு உறுதியான பின் எழுதிக் கொடுக்கலாம் என்று காத்திருப்பவர் இந்த எட்டு நாளில் பாதி வழியைக் கூடத் தாண்ட மாட்டார்.

2023-இல் மத்தியப் பிரதேசத்தில் துணை ஆட்சியர் நிஷா பாங்ரே இதில்தான் அடிபட்டார். ஜூனில் ராஜினாமா கொடுத்தார், அரசு ஏற்காமல் வைத்திருந்தது. நீதிமன்றம் போய், அக்டோபரில் ஏற்பு வந்தபோது அவர் எதிர்பார்த்த ஆம்லா தொகுதியைக் கட்சி வேறொருவருக்குக் கொடுத்திருந்தது.

கடினமான உண்மை இதுதான்: சீட்டு நிச்சயமாவதற்கு முன்பே வேலையை விட்டாக வேண்டும். நம் பக்கத்துச் சிதம்பரத்தில் 1999-இல் முதன்முறை நின்ற தொல். திருமாவளவன், தடய அறிவியல் துறை வேலையை விட்டுவிட்டுத்தான் நின்றார். அந்தத் தேர்தலில் தோற்றார். அவர் அந்தத் தொகுதியில் வென்றது 2009-இல். வேலையைத் துறந்த பின் அத்தனை ஆண்டுகள் கட்சியும் குடும்பமும் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குறைந்தது மூன்று மாதம் முன்பே கடிதம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். விடுவிப்பு ஆணை கைக்கு வரும்வரை புதுச்சேரி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தேர்தல் என்ற சொல்லைக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை, சொந்தக் காரணம் என்பதே போதும்.

பணக் கணக்கு சுருக்கமாக. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் ராஜினாமா செய்தால் செய்த பணி முழுதும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழிந்துவிடும். 20 ஆண்டு தகுதிப் பணி முடித்திருந்தால் மூன்று மாத முன்னறிவிப்புடன் விருப்ப ஓய்வு கேளுங்கள். ஓய்வூதியம் கையில் இருக்கும். 2004-க்குப் பின் சேர்ந்து புதிய திட்டத்தில் இருப்பவர், தன் கணக்கில் சேர்ந்த தொகையில் எவ்வளவு கையில் வரும், எவ்வளவு ஆண்டுத் தொகைத் திட்டத்தில் போகும் என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மணிக் கணக்கில் சம்பளம் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்களும் ஒப்பந்த ஊழியர்களும் தங்களுக்கு விதியே இல்லை என்று எண்ண வேண்டாம். ஒப்பந்தத்தை எழுத்தில் முடித்துக்கொண்டு, முதல்வர் கையெழுத்திட்ட விடுவிப்புக் கடிதத்தோடு மனுத் தாக்கல் செய்வதே பத்திரம்.

வேலையில் இருக்கும்போது

நீங்களே நிற்காமல் அண்ணனோ மனைவியோ நிற்கிறார் என்றால்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வேட்புமனுவில் முன்மொழிபவராகக் கையெழுத்திடக் கூடாது. அது தேர்தலில் பங்கேற்பதுதான் என்று மத்திய அரசின் அறிவுறுத்தல் இருக்கிறது. தேர்தல் முகவராகவோ வாக்குச்சாவடி முகவராகவோ எண்ணிக்கை முகவராகவோ உட்கார்ந்தால் இன்னும் மோசம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134-அ பிரிவின்படி, அரசுப் பணியில் இருப்பவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். துறை வாட்ஸ்அப் குழுவில் சின்னம் போட்ட ஸ்டேட்டஸ் வேண்டாம். எதிர்த்தரப்பு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கும்.

இன்னொன்று. அதே சட்டத்தின் 159-ஆம் பிரிவு, தேர்தல் பணிக்கு ஆள் தர வேண்டிய அமைப்புகளில் பல்கலைக்கழகத்தையும் சேர்த்திருக்கிறது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் ஆணை உங்கள் பெயருக்கும் வரலாம். உறவினர் நிற்கும் தொகுதியில் பணி கிடைத்தால் உடனே எழுதி மாற்றம் கேளுங்கள். நீங்கள் நேர்மையானவர் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதாது, ஊருக்கும் தெரிய வேண்டும்.

கூட்டுறவு வங்கி, நுகர்வோர் சங்கம், விளையாட்டுக் கழகம் போன்றவற்றில் தேர்தல் மூலம் வரும் பொறுப்புக்கும் நடத்தை விதி 15-இன்படி முன் அனுமதி தேவை. சம்பளமில்லாத சமூகப் பணியோ இலக்கியப் பணியோ செய்ய அனுமதி தேவையில்லை. காரைக்கால் அம்மையார் பெயரில் இலக்கிய மன்றம் நடத்தலாம். தேர்தல் நடத்தி அதன் செயலாளர் ஆவதற்கு அனுமதி வாங்குங்கள்.

எந்தப் பட்டியலில் பெயர்?

காரைக்காலைச் சுற்றி நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள். தரங்கம்பாடியிலோ நாகூரிலோ குடியிருந்துகொண்டு காரைக்காலில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். சட்டமன்றத்துக்கு நிற்பவர் அந்தப் பிரதேசத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டியலில் பெயர் இருக்கும் பேராசிரியர் காரைக்கால் வடக்கிலோ திருநள்ளாற்றிலோ நிற்க முடியாது. ஆனால் புதுச்சேரி மக்களவைத் தொகுதியில் நிற்கலாம், அதற்கு நாட்டின் எந்த மூலையில் வாக்காளராக இருந்தாலும் போதும். காரைக்காலின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளில் நெடுங்காடு தனித்தொகுதி. அங்கே நிற்பவர் சாதிச் சான்றை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

உள்ளாட்சி பற்றி வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஆசிரியர்கள் பொதுவாழ்வுக்கு வர மிகப் பொருத்தமான இடம் நகராட்சியும் கொம்யூன் பஞ்சாயத்தும். கால்வாய் அடைப்பு, மீனவக் கிராமத்துச் சாலை, குடிநீர் என்று அளவுக்குள் அடங்கிய வேலைகள். புதுச்சேரியில் 1968-க்குப் பின் 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்தும் இடஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனது. பத்தாண்டுக்கு மேலாகக் காரைக்கால் நகராட்சியையும் ஐந்து கொம்யூன்களையும் அதிகாரிகளே நடத்தினார்கள். வார்டு உறுப்பினராகத் தொடங்கிப் பழக வேண்டியவர் நேரடியாகச் சட்டமன்றத்தில் குதிக்க வேண்டிய கட்டாயம் இதனால்தான்.

மனுத் தாக்கல் நாளும் அதற்குப் பிறகும்

மனுவோடு விடுவிப்பு ஆணையின் சான்றிட்ட நகலை வையுங்கள். சட்டமன்றத்துக்குக் காப்புத் தொகை 10,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு 5,000. படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் கடந்த பத்தாண்டில் குடியிருந்த அரசுக் குடியிருப்புக்கு வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கியில்லை என்ற சான்று கேட்பார்கள். குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் இதை ராஜினாமாவோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும். 2024-இல் மேற்கு வங்கத்தின் பீர்பூமில் முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி தேபாஷிஷ் தர் மனு தள்ளுபடியானது இந்த பாக்கியின்மைச் சான்று இல்லாததால்தான்.

வென்றுவிட்டால், விடுப்பில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழக ஆசிரியர் தன் நிலையை நிர்வாகக் குழுத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். துணைவேந்தரின் வாய்ச்சொல் அவர் பதவிக்காலத்தோடு போய்விடும். இரண்டு இடத்திலும் சம்பளம் வாங்கக் கூடாது. உங்கள் வளாகத்துக்கு நிதி, நிலம், நியமனம் தொடர்பான விஷயம் அவையில் வந்தால் உங்கள் தொடர்பை முதலில் சொல்லிவிட்டுப் பேசுங்கள். தேர்வுக் குழு, கொள்முதல் குழு, விடைத்தாள் திருத்தம் மூன்றிலிருந்தும் எழுத்தில் விலகுங்கள்.

வேலையை விடும்போது பெரும்பாலானோர் மறப்பது ஆய்வு மாணவர்களை. வழிகாட்டி மாறினால் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் தேவை. அது வரும்வரை அந்த மாணவரின் உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திட ஆளிருக்காது, ஆய்வேடும் நகராது. ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் அதே வாரத்தில் ஒவ்வொரு மாணவரையும் கூப்பிட்டு, அவருக்கு ஒத்துவரும் இணை வழிகாட்டியின் பெயரைக் கேட்டு, மாற்று விண்ணப்பத்தில் நீங்களே முதல் கையெழுத்தைப் போட்டுக் கொடுங்கள். மூன்றாம் ஆண்டில் இருப்பவரின் கோப்பை முதலில் எடுங்கள்.